வெள்ளெழுத்தும் கல்லெழுத்தும்: என் ஒரு வருஷத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும், அந்த வருஷம் படித்த புத்தகம், பார்த்த படம், கற்றுக்கொண்டது, உடம்புக்குச் செய்துகொண்ட நல்லது என்று ஒரு பட்டியல் எழுதித் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புவது என் வழக்கம். இந்தத் தடவை தை போய் மாசியும் வந்துவிட்டது, பட்டியலைக் காணோம். போனில் கேட்டார்கள், நேரில் கேட்டார்கள், ஒரு கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றும்போதுகூடக் கேட்டார்கள். ஆளுக்கொரு பதில் சொல்லி, யாரிடம் எதைச் சொன்னேன் என்பதே எனக்குக் குழம்பிவிட்டது. அதனால் எல்லாக் கேள்விகளும் இங்கே ஒரே இடத்தில். தங்கள் கேள்வியை அடையாளம் கண்டுகொள்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எத்தனை புத்தகம் படித்தாய்?

இரண்டரை.

போன வருஷம் 41, அதற்கு முந்திய வருஷம் 38. நான் பைப் கடையில் கணக்கு எழுதுகிறவள். வரிசை எண் போடாமல் எதையும் விட்டதில்லை.

இரண்டரையா? உடம்பு கிடம்பு சரியில்லையா?

முதலில் கண். எனக்கு இப்போது 49. ஒரு வருஷமாகவே மருந்து அட்டையில் இருக்கும் தேதியைப் படிக்க வேண்டுமென்றால் கையை எட்டிய மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை நீளம் பத்தாமல் போனதும்தான் கண் டாக்டரிடம் போனேன். பயப்பட ஒன்றுமில்லை. நாற்பதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிவிடுகிறது, அப்புறம் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க அது வளைந்து கொடுப்பதில்லை. எல்லாருக்கும் வருவதுதான். +1.50 கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

இதற்கு நம்மிடம் 'வெள்ளெழுத்து' என்று ஒரு பெயர் இருக்கிறது. கறுப்பு எழுத்து வெளுத்துப் போய்த் தாளோடு தாளாகக் கரைகிற மாதிரி தெரிவதால் வந்த பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நோய்க்கு இவ்வளவு அழகான பெயரா என்று இரண்டு நாள் பூரித்துப்போனேன். கண்ணாடியை மட்டும் மூன்று மாதம் பையை விட்டு எடுக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் முன்னால் போட்டுக்கொள்ள வெட்கம். அந்த மூன்று மாதத்தில் ஒரு புத்தகமும் நகரவில்லை, தலைவலிதான் மிச்சம்.

அந்த இரண்டரை எவை?

அரை, ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவல். 212-ஆம் பக்கத்தில் நிற்கிறது. கொடுத்தவர் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இத்துடன் விடுகிறேன்.

ஒன்று, கல்வெட்டு எழுத்து பழகுகிறவர்களுக்கான கையேடு. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

இன்னொன்று உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. பள்ளிக்கூடத்தில் ஒரு பகுதி பாடமாக வந்தபோது மனப்பாடம் செய்து மறந்ததுதான். முழுதாக இப்போதுதான். ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்து, 1942 ஏப்ரலில் அவர் காலமானதால் முற்றுப்பெறாமல் 122 அத்தியாயத்தோடு நின்றுபோன புத்தகம் அது. தொடர் என்பதால் எனக்கு வசதியாகப் போயிற்று: ராத்திரி ஒரு அத்தியாயம், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூக்கம். நாலு மாதத்துக்கு மேல் ஆனது. இதற்கு முன்னால் எந்தப் புத்தகத்தோடும் நான் நாலு மாதம் குடியிருந்ததில்லை.

இதில் ஒரு இடம் என்னைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் வேலை கிடைத்த சாமிநாதையர், ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருக்கும் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். "என்னென்ன படித்திருக்கிறீர்கள்?" என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். தான் படித்த அளவுக்கு யார் படித்திருக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. முதலியார் அசையவே இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம், பழைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா என்று கேட்டுவிடுகிறார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்காகப் பாடம் கேட்டவரைப் பார்த்து! அந்தக் கேள்வியில் தொடங்கியதுதான் சீவக சிந்தாமணி. ஏட்டுச்சுவடிகளோடு மல்லாடி 1887-இல் அச்சில் கொண்டுவந்தார்.

எனக்கு அந்தப் பக்கத்தில் உறைத்தது வேறு. 41, 38 என்று நானும் அந்தாதி கலம்பகம் மாதிரி அடுக்கிக்கொண்டுதானே இருந்தேன்? போன வருஷத்து 41-இல் எத்தனைக்குக் கதை ஞாபகம் இருக்கிறது என்று அன்று ராத்திரி விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை போதுமாக இருந்தது. பட்டியல் வராமல் போனதற்குக் காரணம் கேட்டால், அந்த ராத்திரிதான்.

கல்வெட்டுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம், அக்கா?

கடையில் பில் போடும் பெண் கேட்டது. சம்பந்தம் ஒன்றுமில்லை. எங்கள் உறையூர் பக்கம் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பன்னிரண்டு வாரம் வகுப்பு எடுத்தார். கல்லில் எழுத்து உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும், கண்ணாடி வேண்டியிருக்காது என்று நினைத்துச் சேர்ந்தேன். அவ்வளவுதான் உண்மை. அதுவும் தப்புக் கணக்கு. பல இடங்களில் எழுத்து விரற்கடை உயரம்கூட இல்லை.

கஷ்டமா?

ஒன்றாம் வகுப்பு எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு.

தமிழ் பிராமி என்றும் சொல்கிற பழைய தமிழி எழுத்தில் 'க' என்பது வெறும் கூட்டல் குறி. அரை மணியில் பிடிபட்டுவிடும். சோழர் காலத்துக்கு வந்தால்தான் வம்பு. எழுத்துகள் நம் எழுத்தின் சாயலில் இருக்கும், சொந்தக்காரர் ஜாடை மாதிரி. ஆனால் புள்ளி கிடையாது. 'க' என்று இருந்தால் அது 'க'வா 'க்'கா என்பதை நீங்களேதான் முடிவு செய்துகொள்ள வேண்டும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. அந்த வித்தியாசத்தை இன்றைக்கு நாம் எழுதுகிற மாதிரி பிரித்தவர் வீரமாமுனிவர், அதெல்லாம் பதினெட்டாம் நூற்றாண்டில். நெடிலுக்குப் போடும் காலும் 'ர'வும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி விடமாட்டார்கள். நடுநடுவே வடசொல்லுக்கான கிரந்த எழுத்து. வட்டெழுத்து என்று பாண்டிய நாட்டுப் பக்கம் ஒன்று இருக்கிறது, அதில் ப, ய, வ மூன்றும் கூடப் பிறந்த அண்ணன் தம்பிகள். அதை இன்னும் ஒழுங்காகத் தொடவில்லை.

முதல் மூன்று வாரம், ஒரு வரியைப் படிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வாயைத் திறந்து எழுத்துக் கூட்டினால்தான் சொல் அகப்படும். கண்ணால் ஓட்டிப் படிக்கிற வித்தை அங்கே செல்லாது. 49 வயதில், பக்கத்தில் கல்லூரிப் பையன்கள் உட்கார்ந்திருக்க, "ஸ்...வ...ஸ்...தி... ஸ்ரீ" என்று சத்தமாகச் சொன்னேன். அவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதால் பிழைத்தேன்.

ஏழாவது வாரம் படி எடுக்கக் காட்டிக்கொடுத்தார்கள். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத் தாளை அதன் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தாளை எழுத்துக் குழிக்குள் இறக்க வேண்டும். அப்புறம் மை தோய்த்த பொதியால் ஒற்றி எடுக்க வேண்டும். மேடான இடமெல்லாம் கறுப்பாகும், குழியில் மை படாது. தாளை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால், கறுப்புப் பரப்பில் எழுத்தெல்லாம் வெள்ளை வெளேர் என்று நிற்கிறது. வெள்ளெழுத்து! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏன் சிரிக்கிறேன் என்று பையன்களுக்குப் புரியவில்லை. அவர்களுக்கு இன்னும் இருபது வருஷம் இருக்கிறது.

இதைப் படித்து என்ன பிரயோஜனம், அண்ணி?

கொழுந்தனார் சரியாக முதலியார் மாதிரியே கேட்டார். பயன் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ஒரு கணக்கு கிடைத்தது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு இவ்வளவு என்று கட்டளை வைத்திருக்கிறார்கள்: ஆடாக இருந்தால் 96, பசுவாக இருந்தால் 48, எருமையாக இருந்தால் 16. இவற்றில் ஏதாவது ஒரு தொகுதியை வாங்கிக்கொள்ளும் இடையர் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். நாழியில் கால் பங்கு உழக்கு என்றால், வருஷத்துக்குத் தொண்ணூற்றொன்றேகால் நாழி. எவ்வளவு காலத்துக்கு? சந்திரனும் சூரியனும் உள்ளவரைக்கும். அது எப்படி முடியும், ஆடு செத்துப்போகாதா என்றால், அதற்குத்தான் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகளில் ஒரு சொல். கிழடு விழ விழக் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும், எண்ணிக்கை 96-ஐ விட்டு இறங்கக் கூடாது. அசல் கரையாமல் வட்டியில் விளக்கு எரிகிறது. இருபத்திரண்டு வருஷமாக டெபாசிட்டும் வட்டியும் எழுதுகிறவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ௯௰௬ என்று தமிழ் எண்ணில் தொண்ணூற்றாறை எழுதிக் கடைக் காலண்டரில் ஒட்டி வைத்தேன். முதலாளி அது ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டார், நானும் திருத்தவில்லை.

என் மாமியாரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். வயது 81. ஊரில் எருமை வைத்துப் பால் ஊற்றியவர். "ஒரு எருமைக்கு மூணு பசுவா? சரிதான். எருமைப் பாலில்தான் நெய் நிற்கும்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். ஆறு ஆட்டுக்கு ஒரு எருமை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எந்தக் காலத்து ஆடோ என்கிறார்.

இன்னொன்று. அதே கோயிலில் ராஜராஜன் தன் 26-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010 வாக்கில், வெட்டச் சொன்ன உத்தரவு இருக்கிறது. நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும் எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுக என்று. அக்கன் என்பது குந்தவை. தானத்துக்குத் தன் பெயர் வந்தால் போதும் என்று இருந்துவிடாமல் அக்காவுக்கு அடுத்த இடம் கொடுத்திருக்கிறார். அது ஒரு பக்கம். 'குடுத்த' என்பதைக் கவனித்தீர்களா? "கொடுத்த என்று எழுது, குடுத்த என்று எழுதாதே" என்று நாலாம் வகுப்பில் எனக்கு முட்டியில் அடி விழுந்திருக்கிறது. ராஜராஜனையும் அந்த டீச்சர் விட்டிருக்க மாட்டார். இந்த உத்தரவை அவர் சொன்னது அரண்மனையில் குளிக்கும் மண்டபத்தில் இருந்துகொண்டு என்றும் அந்தக் கல்லே சொல்கிறது. நிம்மதியாகக் குளிக்க யாரும் விடமாட்டார்கள் போல, அரசனாக இருந்தாலும்.

தோள்பட்டை எப்படி இருக்கிறது?

இப்போது பரவாயில்லை. கேள்விப்படாதவர்களுக்கு: ஆனி மாதம் வலது தோள் பிடித்துக்கொண்டது. வாய்வு என்று நானே முடிவு செய்து எண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். ஒரு மாதத்தில் பின்னலைப் பிடிக்கக் கை மேலே போகவில்லை, ஜாக்கெட் கொக்கி எட்டவில்லை. ஒரு இடத்தில் பார்த்துவிட்டு "கைக்கு ஓய்வு கொடுங்கள், அசைக்காதீர்கள்" என்றார்கள். அசைக்காமல் மூன்று வாரம் வைத்திருந்ததில் இன்னும் இறுகிப் போயிற்று. அடுத்த டாக்டர்தான் பெயரைச் சொன்னார்: ஃப்ரோசன் ஷோல்டர். மூட்டைச் சுற்றி இருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் வருவது அதிகம், பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இன்னும் அதிகம். முதலில் வலி, அப்புறம் இறுக்கம், அப்புறம் தானாக இளகும். மூன்றும் முடிய ஒரு வருஷம் முதல் மூன்று வருஷம் வரை ஆகலாம். சர்க்கரையையும் பார்த்துவிடுவோம் என்று மூன்று மாத சராசரி எடுத்ததில் 6.1 வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை எல்லைக்கோடு என்றார். நல்லவேளை, தோள் வலித்ததால் இது தெரிந்தது.

பிசியோதெரபியில் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு விரல்களால் பூச்சி ஊர்கிற மாதிரி மேலே மேலே ஏறுவது. முடிந்த இடத்தில் நிறுத்திப் பென்சிலால் ஒரு கோடு. அடுக்களைக்குப் போகும் வழியில் அந்தச் சுவர். கோட்டுக்குப் பக்கத்தில் தேதியைத் தமிழ் எண்ணில் எழுத ஆரம்பித்தேன். ஐந்து மாதத்தில் பதினெட்டு கோடு. முதல் கோடு மார்பு உயரம், கடைசிக் கோடு தலைக்கு மேல் ஒரு சாண். நடுவில் ஐப்பசி முழுக்க ஒரே இடத்தில் நாலு கோடு நெருக்கியடித்துக் கிடக்கிறது, ஒரு நூல் அளவுகூட ஏறவில்லை. சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்றார் என் கணவர். இது பன்மாகேசுவர ரட்சை, தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கல்வெட்டின் முடிவில் காவலுக்காக எழுதுகிற வாசகம் அது.

உங்களுக்கும் தோள் பிடித்தால் என் கதையை வைத்து மருந்து பார்க்காதீர்கள். யாரையாவது போய்ப் பாருங்கள், எண்ணெய் காய்ச்சிக்கொண்டு ஒரு மாதம் இருக்காமல்.

அம்மா, படம் எதுவுமே பார்க்கலையா?

மகளின் கேள்வி, கோயம்புத்தூரிலிருந்து. பார்த்தேனே, உன்னோடு தீபாவளிக்குப் பார்த்தது கணக்கில் வராதா? டோக்கியோவில் பொதுக் கழிப்பறை சுத்தம் செய்கிறவரின் கதை, 'பெர்ஃபெக்ட் டேஸ்'. அந்த நடிகர் கோஜி யாகுஷோவுக்கு 2023-இல் கான் விழாவில் பரிசு கிடைத்தது என்றாய். தினமும் எழுந்து, செடிக்குத் தண்ணீர் தெளித்து, வேலைக்குப் போய் வருகிறார். உன் அப்பா இருபதாவது நிமிஷம் தூங்கிவிட்டார். நான் விழித்திருந்தேன். அந்த மனிதர் ஒரு வேலையைச் செய்யும்போது அந்த வேலையை மட்டும்தான் செய்கிறார்.

அப்புறம் பாலு மகேந்திராவின் 'வீடு', 1988-இல் வந்த படம். சின்ன வயதில் டிவியில் போட்டபோது பாட்டே இல்லை என்று எழுந்து போனவள் நான். இப்போது உட்கார்ந்து பார்த்தேன். கட்டி முடியாத வீட்டைப் பார்க்க, தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் குடையோடு தனியாகப் போய், ஒவ்வொரு சுவராகத் தொட்டுத் தடவிக்கொண்டு நடப்பார். அவசரமே கிடையாது. நம் கடைப் பையன் எல்லாப் படத்தையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறவன். இதை அப்படி ஓட்டினால் ஒரு கிழவர் சுவர் ஓரமாக ஓடுவதுதான் தெரியும்.

சீரியல், மாமியாரோடு, தினமும். அதை எண்ணச் சொல்லாதே.

உங்களுக்கென்று எப்படி நேரம் ஒதுக்குகிறீர்கள்?

ஒதுக்கவில்லை. மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கட்ட வேண்டியவளுக்கு ஒதுக்குவதற்கு நேரம் ஏது? செல்போனைக் காலை எட்டு மணி வரை தொடுவதில்லை, அவ்வளவே. அந்த நேரத்தில் வெக்காளியம்மன் கோயில் வரை நடந்து போய் வருகிறேன். கூரை இல்லாத கருவறை என்பதால், மார்கழிப் பனியில் அம்மனும் நனைந்துகொண்டுதான் இருக்கிறாள், நமக்கென்ன என்று நடந்துவிடலாம்.

விட்டுவிட்டது ஏதாவது உண்டா?

காலையில் பாகற்காய் ஜூஸ்: பதினோரு நாள். இந்தி கற்றுக்கொடுக்கும் செயலி: நாலு நாள். தியானம்: தூக்கம் வந்துவிடுகிறது, அதனால் அதைத் தூக்கம் என்றே வைத்துக்கொண்டேன்.

மாமியாரையும் திருவெள்ளறைக்கு அழைத்துக்கொண்டு போனாயாமே?

நான் அழைக்கவில்லை, அவரே கிளம்பினார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினால் மண்ணச்சநல்லூர் தாண்டித் திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவித்துவிட்டு ஸ்வஸ்திகக் கிணற்றுக்குப் போனோம். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பவர் வெட்டிய கிணறு. நாலாம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்திருக்கிறார். மாற்பிடுகு பெருங்கிணறு என்று பெயரும் வைத்திருக்கிறார். நாலு பக்கமும் படி, ஒவ்வொன்றும் திரும்பி இறங்குவதால் ஒரு துறையில் இருப்பவரை அடுத்த துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. "நம்ம வீட்டு அடுக்களையை இப்படிக் கட்டியிருக்கலாம்" என்றார் மாமியார். நான் பதில் சொல்லவில்லை.

கிணற்றுச் சுவரில் ஒரு பாட்டு வெட்டியிருக்கிறது. அதைப் படிக்கத்தான் இவ்வளவு தூரம். கிட்டப் போய் நின்று பையைத் துழாவினால் கண்ணாடி இல்லை. உறையூரில் டிவி மேல் இருக்கிறது. என் முகம் போன போக்கைப் பார்த்து, அவர் தன் சுருக்குப் பையிலிருந்து தன் கண்ணாடியை எடுத்து நீட்டினார். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு போட்டது, என்னுடையதைவிடப் பவர் அதிகம். மூக்கு கல்லில் இடிக்கிற மாதிரி நின்றால்தான் எழுத்து தெளிந்தது. தெரிந்த எழுத்தைக் கூட்டி, தெரியாததற்குக் கையேட்டில் அச்சடித்திருந்ததைப் பார்த்துக்கொண்டு, நாலு வரிக்கு முக்கால் மணி நேரம். மாமியார் இரண்டாம் வகுப்போடு நின்றவர். செய்தித்தாளையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அவருக்கு நான் படிக்கிற விதத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. படியில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னதான் எழுதியிருக்கு?"

"இந்த உலகத்து மேலே ஆசை வெச்சுக்கிட்டு நிக்காதே. தடி ஊனுற வயசு வந்து உன்னைத் தளர்த்துறதுக்கு முன்னாடி, சாப்பிட்டது போக மிச்சம் இருக்கிறதை ஊருக்குன்னு வைங்கிறான், அத்தை."

அவர் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தார்.

"புளிச்சாதம் மிச்சம் இருக்கு. மேலே அந்தக் காவக்காரத் தம்பி காலையிலேர்ந்து நிக்குது, அதுக்குக் குடு. குடுத்துட்டு வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."